நூற்றிருபது அடி இறங்க ஒரு ரயில்

மலை உச்சிக்கு ரயில் விட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்களை வெறும் நூற்றிருபது அடி கீழே இறக்கிவிட யாராவது தண்டவாளம் போடுவார்களா?

போட்டார்கள். இங்கிலாந்தில் 1875-ல் ஆரம்பித்து கிட்டத்தட்ட அறுபது வருஷம், ஒரு கடற்கரை ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் என்று வரிசையாகப் போட்டார்கள். அதில் சில இன்றைக்கும் ஓடுகின்றன. சில துருப்பிடித்து நிற்கின்றன. சில இருந்த இடமே தெரியவில்லை. எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவன் சரித்திரம் எழுதினால் அதில் கொஞ்சம் கணக்கு வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் பெயர். இந்த வகை ரயிலுக்கு ஃபனிகுலர் என்று பெயர். கடலோரப் பாறைச் சரிவில் இருந்தால் ஆங்கிலேயர்கள் அதை கிளிஃப் ரயில்வே என்றோ கிளிஃப் லிஃப்ட் என்றோ சொல்வார்கள். பழனியில் விஞ்சில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே ஜாதிதான். ஏறாதவர்கள் கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரண்டு நுனியிலும் ஒரு வாளி, ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். வாளிக்குப் பதில் ரயில் பெட்டி, கயிற்றுக்குப் பதில் இரும்பு வடம், கிணற்றுக்குப் பதில் சரிவு. அவ்வளவுதான்.

ஊர் மேலே, கடல் கீழே

இங்கிலாந்தின் பல கடற்கரை ஊர்களில் கடலும் ஊரும் ஒரே மட்டத்தில் இல்லை. பாறைச் சரிவின் உச்சியில் ஊர், அடியில் மணல். பெரிய ஹோட்டல்கள் எல்லாம் மேலேதான். அங்கிருந்துதான் கடல் அழகாகத் தெரியும், அறை வாடகையும் அதற்கேற்ப வாங்கலாம். ஆனால் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் கீழே போக வேண்டும். போவது சுலபம். திரும்பி ஏறுவதுதான் பிரச்சனை. வயதானவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், அந்தக் காலத்து நீண்ட பாவாடை உடுத்திய பெண்கள் - இவர்களை எல்லாம் யோசித்துப் பாருங்கள்.

கூட்டம் சேரச் சேர இது வியாபாரப் பிரச்சனை ஆனது. யார்க்ஷயரில் இருக்கும் ஸ்கார்பரோவுக்கு 1845-ல் ரயில் வந்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மருத்துவ ஊற்றுக்காகப் பணக்காரர்கள் வந்துபோன ஊர் அது. ரயில் வந்ததும் நடுத்தரக் குடும்பங்களும் வர ஆரம்பித்தன. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, வருஷத்தில் சில திங்கட்கிழமைகள் நிச்சயமான விடுமுறை ஆயின. கூட்டம் இன்னும் கூடியது.

அந்த ஸ்கார்பரோவில்தான் 1875 ஜூலை 6-ஆம் தேதி பிரிட்டனின் முதல் ஃபனிகுலர் ஓடியது. பெயர் சவுத் கிளிஃப் லிஃப்ட். மேலே எஸ்பிளனேட் என்ற கடலோரச் சாலை, அதன் ஓரம் ஹோட்டல்கள். கீழே ஸ்பா எனப்படும் ஊற்று மண்டபமும் கச்சேரி அரங்கமும். மேலே தங்குகிறவர்கள் கீழே செலவழிக்க வேண்டும், நடுவில் சரிவு தடையாக இருக்கிறது. அந்தத் தடையை நீக்க ஒரு கம்பெனி ஆரம்பித்து, டிக்கெட் போட்டு, கடல் தண்ணீரை எடையாக வைத்து ஓட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ரயிலுக்காக யாரும் ஸ்கார்பரோவுக்கு வரவில்லை. வந்தவர்கள் இன்னொரு இடத்தில் பணம் செலவழிக்க இது உதவியது. பின்னால் இது ரொம்ப முக்கியமாகப் போகிறது.

சால்ட்பர்ன்: பியரைக் காப்பாற்ற வந்த லிஃப்ட்

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது சால்ட்பர்ன். ஸ்கார்பரோவுக்கு வடக்கே அதே கடற்கரையில் இருக்கும் ஊர். இதை உருவாக்கியவர் ஹென்றி பீஸ், ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்வேயை நடத்திய குடும்பத்துக்காரர். 1861-ல் ரயில் வந்தது, பாறை உச்சியில் ஊர் எழுந்தது. 1869-ல் கடலுக்குள் நீளும் ஒரு பியர் கட்டினார்கள். (பியர் என்றால் தூண்கள் மேல் நிற்கும் மரப்பாலம் மாதிரி. கட்டணம் கொடுத்து அலைகளுக்கு மேலே உலாவலாம்.)

ஆனால் ஊருக்கும் பியருக்கும் நடுவே 37 மீட்டர் செங்குத்தான சரிவு. இறங்கி ஏற அலுத்துக்கொண்டு மக்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். பியர் போட்ட முதல் திரும்ப வேண்டுமே? 1870-ல் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. பாறைக்கு முன்னால் நூற்றிருபது அடி உயரத்தில் ஒரு மரக் கோபுரம். பாறை உச்சியில் இருந்து அதற்கு ஒரு சின்ன நடைபாலம். கோபுரத்துக்குள் இருபது பேர் நிற்கக்கூடிய ஒரு கூண்டு, அது நேர் செங்குத்தாக இறங்கும். படத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பதிமூன்று வருஷம் அதில் ஆட்கள் போய்வந்தார்கள்!

1883-ல் கம்பெனி பணக்கஷ்டத்தில் சொத்து கைமாறியது. வாங்கிய மிடில்ஸ்பரோ எஸ்டேட்ஸ், கோபுரத்தின் தாங்குமரங்கள் சில உளுத்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் 1884 ஜூனில் வந்ததுதான் இன்றும் இருக்கும் சால்ட்பர்ன் கிளிஃப் லிஃப்ட். பாதையின் நீளம் 63 மீட்டர், சரிவு 71 சதவீதம். அதாவது நூறு அடி முன்னால் போனால் எழுபத்தோரு அடி ஏறும். பெட்டிகளுக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வேறு. தண்ணீர் எடையில் ஓடும் பிரிட்டிஷ் கிளிஃப் லிஃப்டுகளில் இன்னும் இயங்குபவற்றுள் மிகப் பழையது இதுதான்.

வடிவமைத்தவர் பர்மிங்காமின் டாங்கி கம்பெனியில் வேலை பார்த்த ஜார்ஜ் குரோய்டன் மார்க்ஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. (காரல் மார்க்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) இவர் பின்னால் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகி, பார்லிமென்ட் உறுப்பினர் ஆகி, 1929-ல் பிரபு பட்டமும் வாங்கினார். அடுத்த இருபது வருஷத்தில் பிரிட்டனில் முக்கியமான ஃபனிகுலர் எதை எடுத்தாலும் இவர் பெயர் வரும்.

தண்ணீர்தான் எஞ்சின்

இந்தத் தண்ணீர் எடை முறை எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி. இரண்டும் ஒரே வடத்தில், உச்சியில் உள்ள ஒரு பெரிய சக்கரத்தின் வழியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். கீழே உள்ளதைவிட எடை கூடியதும் பிரேக்கைத் தளர்த்தினால் போதும், மேல் பெட்டி இறங்கும், கீழ் பெட்டி ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். இப்போது மேலே போய்ச் சேர்ந்த பெட்டிக்குத் தண்ணீர். இப்படியே மாற்றி மாற்றி.

எஞ்சின் இல்லை, கரி இல்லை, புகை இல்லை. ஓட்டுகிறவரின் வேலை வண்டியைக் கிளப்புவது அல்ல, பிடித்து நிறுத்துவது. இறங்குகிறவர்கள் அதிகம் என்றால் தண்ணீரும் குறைவாகவே போதும். பயணிகளின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

சால்ட்பர்னிலும் கென்ட் கடற்கரையின் ஃபோக்ஸ்டனிலும் கீழே விழுந்த தண்ணீரை மறுபடி பம்பு செய்து மேலே ஏற்ற வேண்டும். "அப்படியானால் என்ன லாபம்?" என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நேரடியாக இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும். ஆனால் ஒரு சின்ன பம்பு நாள் முழுக்க மெதுவாக மேல் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கலாம், கூட்டம் வரும்போது அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கலாம். மேல் தொட்டி ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. இன்றைக்கு மின்சாரத்தைச் சேமிக்க மலை மேல் நீர்த்தேக்கம் கட்டுகிறார்களே, அதே யோசனையின் குட்டி வடிவம்.

லின்டன்: பத்திரிகைக்காரர் போட்ட பாதை

பம்பு செய்யவே தேவையில்லாத ஓர் இடமும் இருக்கிறது. டெவன் கவுன்டியின் வடகரையில் லின்டன் பாறை மேல், லின்மவுத் கடல் ஓரத்தில். இரண்டுக்கும் நடுவே சுமார் 150 மீட்டர் உயர வித்தியாசம். லின்டனுக்குத் தேவையான நிலக்கரி, சுண்ணாம்பு, சாமான்கள் எல்லாம் படகில் லின்மவுத்துக்கு வந்து, குதிரை முதுகில் மேலே ஏறின. ஆகவே இங்கே பாறைச் சரிவு விடுமுறைக்காரர்களின் பிரச்சனை மட்டுமல்ல, ஊர்க்காரர்களின் அன்றாடப் பிரச்சனை.

தீர்வுக்குப் பணம் போட்டவர் ஜார்ஜ் நியூன்ஸ். 1881-ல் டிட்-பிட்ஸ் என்ற துணுக்குப் பத்திரிகையை ஆரம்பித்து அதில் சம்பாதித்தவர். 1891-ல் ஸ்ட்ராண்ட் மேகசினை ஆரம்பித்தவரும் இவரே. ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் தொடர்ந்து வந்த அதே ஸ்ட்ராண்ட். லின்டனில் தனக்கு ஒரு பெரிய வீடும் கட்டிக்கொண்டார். வடிவமைப்பு, நம்ம மார்க்ஸ்.

1890 ஏப்ரல் 7, ஈஸ்டர் திங்கட்கிழமை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர். ஒவ்வொரு பெட்டியிலும் 700 காலன், அதாவது சுமார் 3,200 லிட்டர் பிடிக்கும் தொட்டி. தண்ணீர் வெஸ்ட் லின் ஆற்றில் இருந்து குழாயில் தானாக வருகிறது, வேலையை முடித்துக் கீழே வெளியேறுகிறது. இவ்வளவு சரிவில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்க்ஸ் அதற்காகத் தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குகளை வைத்தார்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த ரயிலின் மிகப் புத்திசாலித்தனமான பாகம் பிரேக் அல்ல, ஒரு காகிதம். 1888-ல் பார்லிமென்ட் சட்டம் மூலமாக, ஆற்றில் இருந்து ஒரு நாளைக்கு 60,000 காலன் வரை தண்ணீர் எடுக்கும் உரிமையை நிரந்தரமாக வாங்கிவிட்டார்கள். எரிபொருள் செலவே இல்லை, விலை ஏறும் என்ற பயமும் இல்லை. இரண்டு உலகப் போர், எண்ணெய் நெருக்கடி, மின்கட்டண உயர்வு எதுவும் அந்தக் குழாயைத் தொடவில்லை. அந்தச் சட்டத்தில் பிறந்த கம்பெனிதான் இன்றும் அதை நடத்துகிறது.

அந்த ஆறு கொடுத்தது மட்டுமல்ல, எடுத்ததும் உண்டு. 1952 ஆகஸ்ட் 15 இரவு பேய்மழையில் கிழக்கு லின், மேற்கு லின் இரண்டும் பெருக்கெடுத்து லின்மவுத்தைச் சூறையாடின. 34 பேர் இறந்தார்கள். ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ரயில் இன்றும் அதே ஆற்றுத் தண்ணீரில்தான் ஓடுகிறது.

ஓர் ஒப்பீடும் சொல்லியாக வேண்டும். அதே நியூன்ஸ், அதே மார்க்ஸ் கூட்டணி 1893-ல் பிரிஸ்டல் நகரில் கிளிஃப்டன் ராக்ஸ் ரயில்வேயைத் திறந்தது. இது கடல் அல்ல, ஆற்றுப் பள்ளத்தாக்கு. இயற்கை அழகு கெடக்கூடாது என்று முழுப் பாதையையும் பாறைக்குள் சுரங்கமாகக் குடைய வேண்டி வந்தது. அதே முறை, அதே மூளை, அதே பணம். ஆனால் 1934-ல் மூடிவிட்டார்கள். பெரிய நகரத்தில் மேலே போக வேறு வழிகள் வந்துவிட்டன. லின்டனில் அந்தப் பாறையை ஏற இதைவிட நல்ல வழி இன்றுவரை வரவில்லை.

ஒரே ஊரில் ஐந்து

முதல் லிஃப்ட் வந்த ஸ்கார்பரோவுக்குத் திரும்புவோம். அந்த ஒரே ஊரில் மொத்தம் ஐந்து லிஃப்டுகள் கட்டினார்கள். ஐந்தின் கதையையும் வரிசையாகப் பாருங்கள்.

சவுத் கிளிஃப், 1875: தண்ணீரில் ஓடியது 1930-களின் நடுவில் மின்சாரத்துக்கு மாறியது. 1993-ல் ஊர் கவுன்சில் கைக்குப் போனது.

குயின்ஸ் பரேட், 1878: ஆரம்பத்தில் இருந்தே தொல்லை. 1887-ல் மூடல்.

சென்ட்ரல் டிராம்வே, 1881: நீராவியில் ஆரம்பித்து 1910-ல் மின்சாரம். தனியார் கம்பெனி, இன்றும் ஓடுகிறது.

செயின்ட் நிக்கலஸ் கிளிஃப், 1929: 2007-ல் மூடல். பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற ஆகும் செலவு கவுன்சிலுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நார்த் பே, 1930: 1996-ல் மூடல்.

கவனித்தீர்களா? கடைசியாக, நல்ல தொழில்நுட்பத்தோடு வந்த இரண்டும் போய்விட்டன. 1881-ல் வந்த கிழவர் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆக, வயது காரணம் இல்லை. சென்ட்ரல் டிராம்வே ஊரின் மையத்தையும் கூட்டம் அலைமோதும் தெற்குக் கடற்கரையையும் நேராக இணைக்கிறது. மேலேயும் ஆள், கீழேயும் ஆள். நார்த் பே லிஃப்டுக்குக் கீழே இருந்ததோ ஒரு பருவத்துக் கூட்டம்.

மற்ற ஊர்களையும் வேகமாகப் பார்த்துவிடலாம். வேல்ஸில் அபரிஸ்ட்வித் (1896, இதுவும் மார்க்ஸ்) 237 மீட்டர் நீளம். 1921-ல் மின்சாரத்துக்கு மாறியது. ஹேஸ்டிங்ஸின் ஈஸ்ட் ஹில் லிஃப்டில் (1902) மேல் ஸ்டேஷன் கோட்டை மாதிரி இருக்கும், அந்தக் கோபுரங்களுக்குள் ஒளிந்திருந்தவை தண்ணீர்த் தொட்டிகள். 1976-ல் அதுவும் மின்சாரம். டார்க்கியில் பாபகூம் (1926) ஒரு டிராம் கம்பெனி போட்டது. போருக்காக 1941-ல் நின்று, 1951-ல் மறுபடி ஓடியது. போர்ன்மவுத்தில் மூன்று. அதில் ஃபிஷர்மன்ஸ் வாக் (1935) வெறும் 39 மீட்டர். ஈஸ்ட் கிளிஃப் (1908) மேல் 2016 ஏப்ரலில் பாறைச் சரிவே இடிந்து விழுந்தது. எந்தச் சரிவை வெல்ல வந்ததோ அதுவே பழிவாங்கிவிட்டது.

கணக்கில் எங்கே எழுதுவது?

இப்போது நம்ம சப்ஜெக்ட்.

செலவை நிலையான செலவு, மாறும் செலவு என்று இரண்டாகப் பிரிப்பது காஸ்டிங் பாடத்தின் முதல் வாரம். கிளிஃப் லிஃப்டில் மாறும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒருவர் ஏறினாலும் முப்பது பேர் ஏறினாலும் தண்ணீர்ச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வடத்தைச் சோதிக்க வேண்டும், பிரேக்கைப் புதுப்பிக்க வேண்டும், பாறை சரியாமல் பார்க்க வேண்டும், ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். யாருமே ஏறாவிட்டாலும் இது அத்தனையும் உண்டு. கோடையில் நாலு மாசம் வரும் வரவில் பன்னிரண்டு மாசச் செலவையும் ஈடுகட்ட வேண்டும். தனியாக ஒரு லாப நட்டக் கணக்கு போட்டால் நிறைய லிஃப்டுகள் தேறாது.

ஆனால் தனியாகக் கணக்கு போடுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

கட்டியவர்கள் அப்படிப் போடவில்லை. சால்ட்பர்னில் லிஃப்ட் பியருக்காக. ஸ்கார்பரோவில் ஸ்பாவுக்கும் ஹோட்டலுக்கும். பாபகூமில் டிராமில் வருகிறவர்களைக் கடற்கரை வரை கொண்டுபோக. லிஃப்ட் கொண்டுவந்த லாபம் லிஃப்டின் பெட்டியில் விழவில்லை. பியரின் வாசலிலும், ஹோட்டல் பில்லிலும், டிராம் டிக்கெட்டிலும் விழுந்தது. இரண்டு பைகளும் ஒரே சட்டையில் இருந்தவரை பிரச்சனை இல்லை. பின்னால் பியர் ஒருவர் கைக்கும், ஹோட்டல் இன்னொருவர் கைக்கும், லிஃப்ட் மட்டும் கவுன்சில் கைக்கும் போனது. அப்போது லிஃப்டின் கணக்கில் மிஞ்சியது செலவு மட்டும். மூடச் சொல்லும் அதிகாரி பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தாளில் நட்டம்தான் எழுதியிருக்கிறது. லாபம் எழுதிய தாள் வேறு யார் யார் மேஜையிலோ இருக்கிறது.

ஃபோக்ஸ்டன் லீஸ் லிஃப்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1885-ல் திறந்த தண்ணீர் லிஃப்ட். 2009-ல் கவுன்சிலின் குத்தகை முடிந்து நின்றது. 2010-ல் சமூக நல நிறுவனம் ஒன்று எடுத்து மறுபடி ஓட்டியது. பிரேக் பாதுகாப்பு பிரச்சனையில் 2017-ல் திரும்ப நின்றது. அதை மீட்க ஓர் அறக்கட்டளை அமைத்து, நிதி திரட்டி, லாட்டரி பாரம்பரிய நிதியின் கதவையும் தட்டினார்கள். பாபகூமையும் இப்போது ஒரு சமூக நல நிறுவனம்தான் நடத்துகிறது. லாபம் ஊர் முழுக்கச் சிதறி விழுவதால், கடைசியில் ஊரே உரிமையாளர் ஆக வேண்டியிருக்கிறது. இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நூறு வருஷம் கழித்துச் சரியான முதலாளி கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லா லிஃப்டையும் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. எந்த இரண்டு இடங்களை இணைத்ததோ அதில் ஒன்று செத்துவிட்டால் ரயிலால் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. ஆனால் மூடும் முன் போட வேண்டிய கணக்கு, "டிக்கெட்டில் எவ்வளவு வந்தது?" என்பது மட்டுமல்ல. "இது நின்றால் மேலேயும் கீழேயும் எவ்வளவு குறையும்?" என்பதும்தான். இரண்டாவது கணக்கு கஷ்டம். அதனால்தான் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

நியூன்ஸ் 1910-ல் கடனோடு இறந்தார். லின்டனில் அவர் கட்டிய வீடு 1913-ல் எரிந்துபோனது. ஸ்ட்ராண்ட் 1950-ல் நின்றது. அவருக்குச் செல்வத்தைக் கொடுத்த டிட்-பிட்ஸ் 1984-ல் மறைந்தது. அவருடைய முதலீடுகளில் லின்டன்காரர்களிடம் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது, ஆற்றுத் தண்ணீரில் ஏறி இறங்கும் அந்த இரண்டு பெட்டிகள்.